பாலைமரத்துப் பால் ஏன் ரயர் ஆகவில்லை?

வைகாசி, ஆனி மாதங்களில் வன்னிக் காட்டுக்குள் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். பாலைப்பழத்தை ஆசையோடு அள்ளி வாயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். விரல்களும் பிசுபிசுவென்று ஆகிவிடும். தண்ணீரில் கழுவினால் போகாது, தேங்காய் எண்ணெய் பூசித் தேய்க்க வேண்டும். பழத்தில் இருக்கிற பால்தான் காரணம். சின்ன வயதில் அந்தப் பிசினை விரலிடுக்கில் இழுத்துப் பார்த்துக்கொண்டே நான் வகுப்பில் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இறப்பர் மரத்திலும் பால் வருகிறது, பாலையிலும் பால் வருகிறது. அப்படியானால் பாலைமரத்துப் பாலில் ஏன் ரயர் செய்யக்கூடாது? “அது வேற மரமடா” என்று ஆசிரியர் சொல்லி முடித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு சைக்கிள் ரயர் எங்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதை நினைத்தால், கேள்வி அவ்வளவு சின்னது அல்ல.

பதில் இப்போது தெரியும். இறப்பர் மரத்தின் சொந்த ஊர் அமேசன் காடு. அதன் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு இறப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த இறப்பர் ஒரு நீண்ட சங்கிலி. ஐந்து காபனும் எட்டு ஐதரசனும் கொண்ட ஐசோப்பிரீன் என்ற சின்னத் துண்டு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கிறது. பாடப்புத்தகத்தில் பல்பகுதியம் என்று படித்தது இதைத்தான். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு மூட்டிலும் சங்கிலி தொடர்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. எல்லா மூட்டிலும் ஒரே பக்கமாகத் திரும்பினால் சங்கிலி நேராகக் கிடக்க முடியாமல் சுருண்டு போகும். பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருளும். எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்பினாலோ சங்கிலிகள் நேராகி, அடுக்கிய விறகு போல நெருங்கிப் படுத்துவிடும். அது இழுபடாது, விறைத்துப் போகும். இறப்பர் மரத்துச் சங்கிலி முதல் வகை. பாலையின் நெருங்கிய உறவான பலாட்டா மரமும், அதே குடும்பத்தைச் சேர்ந்த மலாயாவின் கட்டாபேர்ச்சா மரமும் தருவது இரண்டாம் வகை. நம்முடைய இலுப்பையும் மகிழும் அந்தக் குடும்பம்தான்.

இரண்டாம் வகை ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்க வேண்டாம். கட்டாபேர்ச்சா வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல் தண்ணீரில் கிடந்தாலும் கெடாது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது அதுதான். அதற்காக மலாயாவிலும் போர்னியோவிலும் மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். ஆனால் காற்றடைத்த சக்கரத்துக்கு அது ஆகாது.

சரி, இறப்பருக்கு வருவோம். மெக்சிக்கோப் பக்கத்து மக்கள் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காஸ்டில்லா என்ற மரத்தின் பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து துள்ளும் பந்து செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இது வெகு பிந்தித்தான் போனது. 1736இல் லா கொந்தமீன் என்ற பிரெஞ்சு அறிஞர் தென்னமெரிக்காவிலிருந்து பாரிசுக்கு மாதிரி அனுப்பினார். 1770இல் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பென்சில் கோட்டை அழிக்க இது நல்லது என்று எழுதினார். தேய்ப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்த பெயரே இறப்பர். நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லுகிற ‘அழிறப்பர்’தான் இந்தப் பொருளுக்கு ஐரோப்பாவில் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று. 1823இல் மக்கின்ரொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவில் இறப்பரைப் பூசி மழைக்கோட்டு செய்தார். கோட்டு மழைக்குத் தாங்கியது, வெயிலுக்குத் தாங்கவில்லை. கோடையில் இளகி நாறும், குளிரில் மரக்கட்டை போல ஆகும்.

அதைத் தீர்த்தது அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர். பல வருடம் கடனோடும் பசியோடும் முயன்று, 1839இல் கந்தகம் கலந்த இறப்பர் சூடு பட்டபோது உருகாமல் உறுதிப்படுவதைக் கண்டார். 1844இல் காப்புரிமை எடுத்தார், 1860இல் கடன்காரராகவே இறந்தார். அவர் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள இடியப்பத் தட்டைப் பார்த்தால் போதும். பிழிந்த உடனே ஒரு இழையைப் பிடித்துத் தூக்கினால் அந்த இழை மட்டும் உருவிக்கொண்டு வரும். அவித்த பிறகு தூக்கினால் இழைகள் அங்கங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் முழு இடியப்பமும் சேர்ந்து எழும். கந்தகம் செய்வதும் இதேதான். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில் சின்னச் சின்னப் பாலம் போடுகிறது. பாலம் குறைவாக இருந்தால் இழுபடும் இறப்பர். மிக அதிகமானால் கட்டைபோல் இறுகிவிடும்.

இந்த வேதியியலை நான் முதலில் பார்த்தது ஒரு கொட்டில் சைக்கிள் கடையில். ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, துடைத்துக் காயவிட்டு, அரத்தால் மேல்தோலைச் சுரண்டுவார் கடைக்காரர். சுரண்டிய இடம் கருமை மங்கி வெளிறிப் போகும். அதில் சொலூசன் தடவி, அது காயும்வரை ஊதாமல் தொடாமல் பொறுத்திருப்பார். அந்தப் பொறுமைதான் எங்களால் தாங்க முடியாதது. பிறகு இன்னும் சூடு படாத பச்சை இறப்பர்த் துண்டு ஒன்றை வைத்து, இரும்புக் கிளாம்பில் இறுக்கி, மேல்தட்டில் நெருப்பு வைப்பார். ஆறினதும் கழற்றினால் ஒட்டு எது, ரியூப் எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பது கடினம். அந்தப் பச்சைத் துண்டுக்குள் கந்தகம் இருக்கிறது. சூட்டில் துண்டின் சங்கிலியும் ரியூப்பின் சங்கிலியும் பாலம் போட்டுக்கொள்கின்றன. குட்இயரின் கண்டுபிடிப்பு வன்னியின் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கிளாம்புக்குள் நடந்துகொண்டிருந்தது.

1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரயர் போட்டார். சைக்கிள் பரவியது, பின்னாலேயே கார் வந்தது. உலகம் முழுவதும் இறப்பர் கேட்டது, ஆனால் அது அமேசன் காட்டிலும் ஆபிரிக்காவின் கொங்கோக் காட்டுக் கொடிகளிலும்தான் கிடைத்தது. இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துபோக விரும்பவில்லை. பெல்ஜிய அரசர் லியோபோல்ட் கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். குறித்த அளவு இறப்பர் கொண்டுவராத ஊர்களில் ஆட்களைச் சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள், பெண்களைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள். அமேசனின் புட்டுமாயோ ஆற்றங்கரையில் பழங்குடிகளைச் சவுக்காலும் பட்டினியாலும் கொன்றார்கள். இரண்டையும் நேரில் விசாரித்து எழுதியவர் ரொஜர் கேஸ்மென்ட் என்ற பிரித்தானியத் தூதரக அதிகாரி. அவருடைய கொங்கோ அறிக்கை 1904இல் வெளிவந்தது. அதே காலத்தில் அமேசன் நடுவே மனாஸ் நகரத்தில் இறப்பர்ப் பணக்காரர்களுக்காக ஓப்பரா மண்டபம் எழும்பி, 1896இல் திறக்கப்பட்டது.

காட்டை நம்பியிருந்தால் முடியாது என்று பிரித்தானியர் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசனிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். இறப்பர் விதை நெல்லைப் போலக் கோர்க்காலியில் கட்டி வைக்கிற விதை அல்ல. சில கிழமைகளில் முளைக்கும் திறன் போய்விடும். அதனால் அது நேரத்தோடு ஓடிய ஓட்டம். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் விதைத்ததில் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 கன்றுகள், அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. ஆசியாவில் இன்றைக்கு நிற்கிற இறப்பர் மரங்களில் பெரும்பாலானவை அந்தக் கன்றுகளின் வம்சம்தான். 1913 வாக்கில் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை முந்தியது, மனாஸ் நகரம் ஓய்ந்து போனது.

கன்று வந்தால் மட்டும் போதாது, பால் எடுக்கத் தெரிய வேண்டும். காட்டில் கோடரியால் கொத்தி எடுத்த மரங்கள் சீக்கிரம் பட்டுப்போயின. மரத்தைச் சாகவிடாமல் ஒரே வெட்டுவாயை மெல்ல மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கிற முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி என்ற தாவரவியலாளர் வகுத்தார். அதைக் கையால் செய்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்ட நம்முடைய சனங்கள்.

வன்னிக்கும் இறப்பருக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு தெற்கின் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். எல்லாரும் தேயிலையில் வேலை செய்தவர்கள் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். கேகாலை, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருந்த ஒரு ஆச்சி அப்படி வந்தவர். காடு வெட்டி, கிணறு தோண்டி, யானைக்குக் காவல் இருந்து அந்த நிலத்தை நிலமாக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காணிக்கு உறுதி வாங்க எவ்வளவு அலைந்தார் என்பது தனிக்கதை, அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்காது.

ஒரு நாள் எங்கள் வளவு முருங்கைமரத்தில் மொட்டைக் கத்தியை வைத்து ஆச்சி எனக்குக் கோடு காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சரிவு. “ஏன் ஆச்சி, மற்றப் பக்கமா வெட்டினா என்ன?” என்றேன். “பாலு கொறையும் தம்பி” என்றார். காரணத்தை நான் பின்னால்தான் வாசித்தேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக ஏறாமல் இலேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுக்குத்தான் அதிகக் குழாய்கள் அகப்படும். ஆழமும் அப்படித்தான். குழாய்கள் கூடுதலாக இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரம் வளருகிற படைக்கு மிக அருகில். கத்தி ஒரு மில்லிமீற்றர் கூடப் போனால் மரத்தில் காயம், பட்டை மறுபடி வளரும்போது முடிச்சு முடிச்சாக வரும். ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் சிரட்டையில் பால் இல்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குப் போய், வெயில் ஏறுமுன் முந்நூறு மரம் அளவில் வெட்டி முடித்து, பால் சேர்த்துக் கொண்டுபோய் அளக்க வேண்டும். காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் கூட, அதனால் பால் ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். வெட்டுவாயில் உறைந்து நிற்பதையும் விடமாட்டார்கள், அது ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. சேர்த்த பாலில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். “அந்தப் பொக மணம் சீலையில வருசக்கணக்கா இருக்கும்” என்பார் ஆச்சி.

மரம் இல்லாமல் இறப்பர் செய்ய ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. வெப்ப நாடுகளில் மட்டும் வளரும் மரம், நட்டு ஆறு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும், கப்பல் வழி அடைபட்டால் ஒன்றும் இல்லை. முதலாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்ட ஜேர்மனி செயற்கை இறப்பர் செய்து பார்த்தது, தரம் போதவில்லை. சோவியத் நாட்டில் லெபெதேவ் என்ற வேதியியலாளரின் முறையில் 1932இல் அற்ககோலிலிருந்து இறப்பர் செய்யும் ஆலைகள் ஓடத் தொடங்கின. ஜேர்மனியர் நிலக்கரியிலிருந்து பியூனா என்ற வகையைச் செய்தார்கள். அந்தப் பெயரோடு ஒரு கொடுமையும் சேர்ந்திருக்கிறது. அவுஷ்விற்ஸ் வதைமுகாமுக்குப் பக்கத்தில் பியூனா ஆலை கட்டக் கைதிகளை வேலைக்கு இழுத்துச் சாகடித்தார்கள். போர் முடியும்வரை அந்த ஆலையிலிருந்து இறப்பர் வரவேயில்லை.

1942இல் ஜப்பான் மலாயாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தது. அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே அடியில் நின்றது. ஒரு ஷேர்மன் ராங்கிக்கு மட்டும் அரைத் தொன் இறப்பர் தேவை. என்ன செய்தார்கள் என்று வாசித்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. பழைய ரயர், தோட்டக் குழாய், மழைச் சப்பாத்து எல்லாவற்றையும் வீடு வீடாகச் சேர்த்தார்கள். ரயர் தேயக்கூடாது என்பதற்காகவே மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். பெற்றோலுக்கு நாடு முழுவதும் பங்கீடு வைத்ததன் முக்கிய நோக்கமும் ரயரைக் காப்பாற்றுவதுதான்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் இருந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ரயர் வெடித்தால் தங்கூசியால் தைத்தோம். தைத்த இடத்துக்குள் இன்னொரு ரயர்த்துண்டை உள்ளுக்கு வைத்தோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, இனி ஒட்டவே இடமில்லை என்றான ரியூப்பைக் கீலம் கீலமாகக் கிழித்தோம். அது கரியரில் விறகு கட்டும், பிள்ளைகளின் கெற்றப்போலுக்குப் போகும். இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் முழுவதையும் தாங்கியதும் அந்தத் தைத்த ரயர்கள்தான். அந்தக் காலத்தில் எங்களிடம் தொழிற்சாலை இல்லை. அமெரிக்காவிடம் இருந்தது. 1941இல் ஒரு வருடம் முழுவதும் 231 தொன் பொதுப்பாவனைச் செயற்கை இறப்பர் செய்த நாடு, 1945இல் மாதத்துக்கு 70,000 தொன் செய்தது. பியூற்றாடீனும் ஸ்ரைரீனும் கலந்த அந்த வகையின் வழிவந்ததுதான் இன்றைக்குக் கார் ரயர்களில் பெருமளவு இருப்பது.

அதே வருடங்களில் இலங்கை நேசநாடுகளின் முக்கிய இறப்பர்க் களஞ்சியமானது. நாளைக்கு மரம் இருக்குமா என்று பாராமல் பட்டை முழுவதையும் வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். தோட்டங்கள் நொந்து போயின. மலாயாவில் நிலை இன்னும் கொடியது. இறப்பர்த் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நேசநாட்டுப் போர்க்கைதிகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியாது.

போருக்குப் பிறகு செயற்கை இறப்பர் மலிந்தது, மரத்து இறப்பரின் விலை விழுந்தது. கொரியப் போர் வந்தபோது ஏறி, பிறகு இறங்கியது. அந்த நேரம் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு. சீனாவுக்கோ இறப்பர் கொடுக்க யாரும் இல்லை. 1952 டிசம்பரில் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே, 270,000 தொன் அரிசி இங்கே. சீனாவுக்குப் போர்த்தளபாடப் பொருள் கொடுத்ததாக அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. இரணைமடுவுக்குக் கீழே நெல் விதைக்கிற எங்கள் சனங்களுக்கு இந்த வரலாறு சொல்லப்பட வேண்டும். இந்த நாடு சோறு உண்டதில் பால்வெட்டிய கைகளுக்கும் பங்கு இருக்கிறது. அதே கைகளில் பெரும்பாலானவற்றின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1950களின் நடுவில் சீக்லர், நற்றா என்ற வேதியியலாளர்களின் வினையூக்கிகளால் மரத்துச் சங்கிலியைப் போலவே ஒன்றை ஆலையில் கோக்க முடிந்தது. அப்படியும் மரம் தோற்கவில்லை. இன்றைக்கு உலகத்து இறப்பரில் பாதிக்குச் சற்று மேல் செயற்கை, மிச்சம் மரத்தினது. மரம் கோக்கும் சங்கிலி அவ்வளவு ஒழுங்கானது. பலமாக இழுபடும்போது அது தானாகவே வரிசையில் நின்று இறுகும். கிழிசல் தொடங்கும் இடத்தில்தான் இழுவை அதிகம், அங்கேயே இறுகிவிடுவதால் கிழிசல் பரவாது. உராய்வில் சூடும் குறைவாக ஏறும். அதனால் ஆகாயவிமானத்தின் ரயர் கிட்டத்தட்ட முழுக்க இயற்கை இறப்பர். லொறி, ரக்ரர் போன்ற பெரிய ரயர்களிலும் அதன் பங்கு கூட. ரியூப்பில் கதை வேறு. 1937இல் கண்டுபிடித்த பியூற்றைல் இறப்பர் காற்றை ஒழுகவிடாது, அதனால் அங்கே செயற்கைக்குத்தான் முதலிடம். கடைக்காரர் சில ரியூப்பைத் தொட்டுப் பார்த்ததுமே “இதில ஒட்டு லேசில பிடிக்காது” என்று கூடுதலாகச் சுரண்டியதன் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது.

மரத்துக்கு ஆபத்து இல்லாமலும் இல்லை. தென்னமெரிக்காவில் ஓர் இலைநோய் இருக்கிறது. 1928இல் ஹென்றி போர்ட் அமேசனில் தொடங்கிய பெருந்தோட்டத்தை அழித்ததில் அதற்குப் பெரும் பங்கு. ஆசியாவுக்கு அது இன்னும் வரவில்லை. வந்தால், ஒரே வம்சத்து மரங்கள் எல்லாம் ஒன்றாகவே படுத்துவிடும் என்ற பயம் விஞ்ஞானிகளுக்கு இருக்கிறது. வேறொரு இலைப்புள்ளி நோய் அண்மை ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களில் பரவிவிட்டது. ஈரவலயத்தில் நிலமும் குறைகிறது. இதனால்தான் அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் மொனராகலை போன்ற உலர்ந்த இடங்களுக்கும், சோதனை அளவில் வவுனியாப் பக்கத்துக்கும் மரத்தைக் கொண்டுவந்தது. இறப்பர் மரம் வருடம் முழுவதும் பரந்து பெய்கிற மழையைக் கேட்கும். வன்னி மழை மாரியில் கொட்டிவிட்டு, கச்சான் காற்றுக் காலத்தில் மண்ணை வெடிக்கவிடும். கன்றுக்கு முதல் சில கோடைகளில் நிழலும் தண்ணீரும் பத்திரமாகக் கொடுத்தால்தான் பிழைக்கும்.

வவுனியாவில் இறப்பர் நட்டிருக்கிறார்களாம் என்று ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மழையைப் பற்றிக் கேட்பார், வெயிலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“கத்தி யாரு புடிக்கிறாங்க தம்பி?” என்றார்.